பெயர் இழந்த கோப்புகள்

என் கணவர் இறந்த பதினோராவது நாள் அவருடைய கம்பெனியிலிருந்து ஒரு பாலிதீன் பை வந்தது. செகந்திராபாத்துக்கு வெளியே தள்ளி, பட்டான்செருவில் மருந்துக்கான ரசாயனம் தயாரிக்கும் தொழிற்சாலை அது. அவர் அங்கே ஷிப்ட் இன்சார்ஜ். பைக்குள் அவருடைய டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு. லாக்கரில் இருந்தது இவ்வளவுதான் என்று எழுதிய தாளில் என்னிடம் கையெழுத்து கேட்டார்கள். தினமும் எடுத்துப் போவாரே, நீல அட்டை போட்ட ஒரு டைரி, அது இல்லை. கேட்டேன். பையைக் கொண்டுவந்தவர் தரையைப் பார்த்தபடி, "எனக்குக் கொடுத்ததைக் கொண்டுவந்தேன் மேடம்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

விபத்து நடந்தது ஒரு பகல் ஷிப்டில். ரியாக்டர் என்று அவர்கள் சொல்வது ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் ஒரு மூடிய பாத்திரம். அதிலிருந்து ஆவி வெளியேற ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்கிறது என்று பல மாதங்களாகவே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அடுப்பில் குக்கர் விசில் அடித்தபோது பக்கத்தில் வந்து நின்று, "இந்த ஓட்டைல பருப்பு அடைச்சுக்கிச்சுன்னா என்ன ஆகும் சொல்லு, அதுதான்" என்றார். அதுதான் ஆனது. மூடி பிய்த்துக்கொண்டு ஆவி பரவித் தீப்பிடித்தது. ஒரிசாவிலிருந்து வந்த இரண்டு ஒப்பந்தத் தொழிலாளிகள் அங்கேயே போய்விட்டார்கள். இவர் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முகத்தில் கட்டில்லாத இடம் வாயும் ஒரு கண்ணும்தான். இரண்டாவது நாள், "அந்த ரெண்டு பேரும்?" என்று கேட்டார். பக்கத்து வார்டில் இருக்கிறார்கள், நல்லாயிருக்கிறார்கள் என்று சொன்னேன். தலையை லேசாக அசைத்தார். அதற்குப் பிறகு அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது எதுவுமில்லை.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை. நான் பாளையங்கோட்டைக்காரி. மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தேன். அவர் வீட்டார் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத். மாமனார் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். சந்தாநகரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, லாலாகுடாவில் மாமாவின் வீட்டுக்கே போய்விட்டேன். போக வேறு இடமில்லை என்பதால் இல்லை. ஊருக்குப் போனால் அழச் சொல்லுவார்கள். மாமா அப்படி எதுவும் சொல்லமாட்டார்.

இரண்டு மாதம் கழித்துத் தொழிற்சாலை ஆய்வுத் துறை விசாரணைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். கம்பெனித் தரப்பில் ஒரு தாளை மேஜையில் வைத்தார்கள். ஆங்கிலத்தில் நாலு வரி. ஆவிக் குழாய் சுத்தம் செய்யப்பட்டது, நான் நேரில் சரிபார்த்தேன், உற்பத்தியைத் தொடரலாம், இப்படிக்கு. கீழே என் கணவர் கையெழுத்து. அவர் பொய்ச் சான்று கொடுத்தார், அதை நம்பி ரியாக்டரை ஓட்டினோம், மூன்று சாவுக்கும் அவருடைய அலட்சியமே காரணம் என்பது அவர்கள் வாதம். அவர் இதற்கு முன் குழாயைப் பற்றிப் புகார் எழுதியிருக்கிறாரே என்றேன். அப்படி எந்தக் கடிதமும் எங்கள் பதிவில் இல்லை என்றார் மேலாளர். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் மாமா அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தார். பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றி, தாளை மூக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"ஹவ், ஆமா, கையெழுத்து அவன்துதான். ஆனா இதை அவன் எழுதல. வெறும் தாள்ல கையெழுத்து வாங்கி மேல டைப் அடிச்சிருக்கானுங்க" என்றார். "என் பையன் பார்க்காததைப் பார்த்தேன்னு எழுத மாட்டான்மா."

புகார்க் கடிதங்களை அவர் அடித்தது வீட்டுக் கம்ப்யூட்டரில். அடித்து, பக்கத்து நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவார். மூன்று தடவை அப்படிப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கம்ப்யூட்டர் விபத்துக்கு மூன்று வாரம் முன்னால், மழையில் கரண்ட் ஏறி இறங்கியபோது புகைந்து நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று அவர் சொன்ன ஞாயிறு வரவில்லை. வீடு மாற்றும்போது சாமான்களோடு வந்து மாமா கட்டிலுக்கடியில் கிடந்தது.

மறுநாளே ஆட்டோவில் வைத்து, செகந்திராபாத்தில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்துக்குக் கொண்டுபோனோம். முதல் இரண்டு கடைகளில் பவர் சப்ளையை மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். மானிட்டர் வெளிச்சமானது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி: டிஸ்க் எதுவும் இல்லை. ஒயரை மாற்றினார்கள், கோப்புகள் இருக்கும் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் செருகினார்கள். அதே வரி. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க மேடம், விலை இறங்கியிருக்கு" என்றார்கள். டெஸ்டிங்கில் நாள் முழுக்க எந்த மென்பொருள் எங்கே உடையும் என்று தேடுகிறவள் நான். ஆனாலும் அந்த வரியைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. கையில் கனமாக இருக்கிற ஒரு பொருளைப் பார்த்து இல்லை என்று சொல்கிறதே.

மூன்றாவது மாடியில் கடைசிக் கடைக்காரர் வேறு மாதிரி. ஐம்பது வயதிருக்கும், தாடியில் மருதாணிச் சிவப்பு. டிஸ்க்கைக் காதில் வைத்துக்கொண்டு மின்சாரம் கொடுக்கச் சொன்னார். வெகுநேரம் கேட்டார். பிறகு மாமாவிடம் அவர்கள் இருவருக்கும் பழகிய உருதுவில் சொன்னார்: "உள்ளே சுத்தவே இல்லை. சுத்தி டக் டக்னு அடிச்சிருந்தா நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பேன். இது கீழே இருக்கிற போர்டு கருகினது. எல்லாம் பதிஞ்சிருக்கிற உள்தட்டு நல்லாவே இருக்கலாம்." திருப்பிப் பச்சைப் பலகையில் நகத்தளவு கருமையைக் காட்டினார். இதே மாடல், இதே எண் போட்ட இன்னொரு டிஸ்க் கிடைத்தால் அதன் பலகையைக் கழற்றி இதில் மாட்டலாம். ஒரு எழுத்து மாறினாலும் ஆகாது. அது பழைய மாடல், கடையில் கிடைக்காது, எங்காவது பழைய கம்ப்யூட்டர் கழிக்கிற இடத்தில்தான் தேட வேண்டும்.

மாமா அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஐந்து வாரம் தேடினோம். சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன், மற்ற நாட்களில் அவர் மட்டும். ஒருநாள் அல்வாலில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நடத்தியது. மாடி அறையில் பதினாலு கம்ப்யூட்டர் துணி போர்த்தி வரிசையாக இருந்தது. மாமா தன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்து எண்ணைப் படித்து, திரும்பவும் அதே மாதிரி மூடி வைத்தார். வேண்டாதது, மூட வேண்டாம் என்று அந்த மனிதர் சொல்லியும் கேட்கவில்லை. ஒன்பதாவதில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார், ஒரு எழுத்தும் மாறவில்லை.

பலகையை மாற்றினதும் சரியாகிவிடவில்லை. பழைய பலகையில் எட்டுக் கால் உள்ள ஒரு சின்னச் சில்லு, அதில்தான் அந்த டிஸ்க்குக்கே உரிய விவரம் இருக்கிறதாம், அதையும் பெயர்த்து எடுத்துப் புதுப் பலகையில் பற்ற வைத்தார் கடைக்காரர். மின்சாரம் கொடுத்தார். மெல்லிய ஒரு சீறல், பிறகு சீராகச் சுற்றுகிற சத்தம். திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது. உடனே ஒரு பெட்டி வந்தது: டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா? நான் என்ன ஏது என்று யோசிக்காமல் மவுஸ் பக்கம் கை நீட்டியிருக்கிறேன் போல.

"நக்கோ, நக்கோ! கையை எடுங்க!" என்று கடைக்காரர் கத்திவிட்டார். பிறகு அவரே வருத்தப்பட்டு டீ சொன்னார். ஃபார்மேட் என்றால் இருப்பதை இல்லையென்று எழுதிவிடுவது என்று எனக்கே விளக்கினார். நானும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டேன்.

கோப்புகளின் அட்டவணை அழிந்திருந்தது. அதனால் ஒரு மென்பொருளை ஓடவிட்டு, தட்டில் கிடப்பதை அப்படியே அள்ளினார். இரண்டு நாள் ஓடியது. எல்லாம் வந்தது, பெயர் மட்டும் வரவில்லை. எந்தக் கோப்புக்கும் அவர் வைத்த பெயர் கிடையாது, வெறும் எண். படங்கள் ஒரு பக்கம், எழுத்துக் கோப்புகள் அறுநூற்றுச் சொச்சம் ஒரு பக்கம். எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் ஏற்றி எங்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் கொடுத்தார். "ஒண்ணொண்ணாத் திறந்துதான் பார்க்கணும். பொறுமையா இருங்க" என்றார்.

ஆபீஸில் லீவ் போட்டேன். காலையில் ஜெபம் முடித்து மாமா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். நான் திறப்பேன். பாதிக் கோப்புகள் வெறும் கட்டங்களும் கோடுகளுமாக இருக்கும். சர்ச் பாடகர் குழுவின் பட்டியல், கேஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம், நான் கொடுத்த ஊறுகாய்ச் செய்முறையை அவர் ஆங்கிலத்தில் அடித்து வைத்தது. பிறகு அவருடைய பயோடேட்டா. ஒன்றல்ல, பதினொன்று. மஸ்கட்டுக்கு, பரோடாவுக்கு, விசாகப்பட்டினத்துக்கு. வேறு வேலை தேடுகிறார் என்று என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "உனக்குத் தெரியுமா?" என்றார் மாமா. இல்லை என்றேன்.

இரண்டாவது நாள் காலையில் முதல் புகார்க் கடிதம் கிடைத்தது. சாயங்காலத்துக்குள் மூன்றும் கிடைத்துவிட்டன. குழாயில் அடைப்பு, அழுத்தம் ஏறுகிறது, உற்பத்தியை நிறுத்திச் சுத்தம் செய்ய அனுமதி வேண்டும். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் காட்டமாக இருந்தது. மூன்றாவதில், ஆள் செத்தால் யார் பொறுப்பு என்றே கேட்டிருந்தார். மாமா எழுந்துபோய் வாசலில் நின்று அழுதார். அந்த வீட்டுக்கு நான் வந்த பிறகு அவர் அழுததை அன்றைக்குத்தான் கேட்டேன். உள்ளே வந்து, "போதும்மா, மூடிரு" என்றார்.

போதும்தான். ஆனால் இன்னும் நூறு கோப்பு பாக்கி இருந்தது. மறுநாள் மாமா மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது நான் தனியாகத் திறந்துகொண்டே போனேன். ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. முழுதாகப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. விசாரணை மேஜையில் கிடந்த அதே வரிகள்.

அதற்கு அடுத்த கோப்பும் அதுதான், கம்ப்யூட்டர் தானாகச் சேமித்து வைத்த முந்தின வடிவம். அதில் ஒரு வரி மட்டும் வேறு. "நான் நேரில் சரிபார்த்தேன்" இல்லை. "சுத்தம் செய்யப்பட்டதாக எனக்குச் சொல்லப்பட்டது" என்று இருந்தது.

கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். எந்தக் கோப்பானாலும் அதைப் பார்க்கிற பழக்கம் எனக்கு. அதை எழுத எடுத்துக்கொண்ட நேரம் மூன்று மணி இருபது நிமிடம். கடைசியாகச் சேமித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அந்த ஞாயிறு எனக்குத் தெரியும். முந்தின நாள் அவர் நாலாவது கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். மேலாளர் கூப்பிட்டு, புகாரை விடு, சரியாகிவிட்டது என்று ஒன்று எழுதிக் கொடு, அடுத்த பதவி உயர்வு உனக்குத்தான் என்று சொன்னதாகவும் சொன்னார். எனக்கு அலுத்துப்போயிருந்தது. சாப்பாட்டிலும் குழாய், படுக்கையிலும் குழாய். "இத்தனை பேர் வேலை பார்க்காங்க, உங்க கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியுதா? அவங்க கேக்கறதை எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியா இருங்களேன்" என்றேன். மறுநாள் அவர் சர்ச்சிலிருந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். விசைப்பலகைச் சத்தம் கொஞ்சம் கேட்கும், நிற்கும், திரும்பக் கேட்கும். சாப்பிட இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்று மணிக்கு மேல் வந்து உட்கார்ந்து, "முடிச்சிட்டேன்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மீன் ஆறிப்போயிற்று என்று மட்டும் சொன்னேன்.

மாமா கறிகாய்ப் பையோடு வந்தபோது திரையை மூடாமல் அப்படியே வைத்திருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். இரண்டையும் படித்தார்.

"சொன்னாங்கன்னுதானே முதல்ல எழுதியிருக்கான்" என்றார்.

"ஆமா மாமா. அப்புறம் அவரே மாத்தியிருக்காரு."

"இந்த ரெண்டு மட்டும் நக்கோமா, குடுக்க வேண்டாம். மீதி மூணையும் குடுப்போம். அது போதும் நமக்கு."

"டிஸ்க்கைக் கேப்பாங்க மாமா. கேக்காட்டியும்..." பிறகு சொல்லிவிட்டேன், சனிக்கிழமை நான் பேசியதை, அதே வார்த்தைகளில். இதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். அன்று சமைத்ததை இருவரும் சாப்பிடவில்லை.

நாலு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாவது நாள் காலையில் பார்த்தால், சவரம் செய்து, சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். டிஸ்க்கை ஒரு துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். "வா, முழுசாக் குடுத்துட்டு வரலாம்" என்றார்.

அறிக்கை வர ஒரு வருஷம் ஆனது. நிர்வாகம் மூன்று முறை எழுத்து மூலம் எச்சரிக்கப்பட்டது, அவர்கள் நடவடிக்கை எடுக்கவில்லை என்று அதில் இருந்தது. ஷிப்ட் இன்சார்ஜ் நேரில் பார்க்காமல் பார்த்ததாகச் சான்றளித்தார் என்றும் இருந்தது. மேலாளர் மேல் வழக்குப் போட்டார்கள். அவர் ஜாமீனில் வந்தார். தொழிற்சாலை கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்து வேறு பெயர்ப் பலகையோடு திறந்தது. வழக்கு, நான் அந்த ஊரை விட்டு வரும்வரை, வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் பெயர் அறிக்கையின் எட்டாவது பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

அறிக்கை வந்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். இறந்துபோன இரண்டு தொழிலாளிகளில் ஒருவனுடைய அண்ணன். தம்பியின் உடலை வாங்க ஒரிசாவிலிருந்து வந்தவர், திரும்பிப் போகாமல் பட்டான்செருவிலேயே வேறொரு கம்பெனியில் மூட்டை தூக்குகிறார். பஸ் மாறி மாறி வந்திருந்தார். அறிக்கையின் பிரதி அவரிடமும் இருந்தது, ஆங்கிலம் படிக்க வராது. யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நீங்கள் படித்துச் சொல்லுங்கள் மேடம் என்றார்.

அவரை உட்காரவைத்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்து, எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். எட்டாவது பக்கம் வந்தது. மாமா ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தையும் படித்தேன். இது என் கணவரைப் பற்றியது என்று சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "சாருக்குத் தெரியும். என் தம்பிக்குத் தெரியுமா மேடம், அந்தக் குழாய் அடைச்சிருந்தது?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன். "அவங்க கிட்ட யாரும் சொல்லல."

அவர் தாள்களை வாங்கி மடித்து ஒரு கவரில் வைத்தார். கோபப்படவில்லை, அழவும் இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவ எழுந்தார், வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன்.

அவர் படி இறங்கியபோது மாமா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனார். பஸ் ஸ்டாப் பத்து நிமிட நடைதான். மாமா திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வழியில் இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கை கால் கழுவிவிட்டு வந்து, "அவனுக்கு ரெண்டு பெண் குழந்தைங்களாம், செத்துப்போன பையனுக்கு" என்றார். பிறகு சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார்.